கேம் நன்றாக இருந்தும் படம் ஏன் தேறுவதில்லை?

உங்கள் கேள்வியை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்க்கத்தான். ஒரு கேமை மூன்று முறை முடித்திருக்கிறீர்கள். அது படமாக வந்தபோது பெயர், உடை, இடம் எல்லாம் அப்படியே இருந்தும் அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியவில்லை. விட்சர் தொடர் மாதிரி ஒன்றிரண்டு தவிர எல்லாமே ஏன் இப்படி, எடுப்பவர்கள் கேமை விளையாடியே பார்ப்பதில்லையா, உள்ளதை உள்ளபடி எடுத்தால் என்ன என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஏன் மோசமாக வருகின்றன என்பது ஒன்று. உள்ளபடி எடுத்தால் நன்றாக வந்துவிடுமா என்பது இன்னொன்று. உங்களை அதிகம் உறுத்துவது இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். வராது என்பதுதான் என் பதில். காரணத்தைச் சொல்லக் கொஞ்சம் இடம் வேண்டும்.

நான் ஆறு வருடம் படத்தொகுப்பு அறையில் உதவியாளராக இருந்தேன். அப்புறம் பன்னிரண்டு வருடமாக கேம்களுக்குக் கட்சீன் வெட்டிக் கொண்டிருக்கிறேன். விளையாட்டுக்கு நடுவே கண்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு நீங்கள் பார்க்கும் சின்னப் படத்துண்டுதான் கட்சீன். கீழே பெயர் சொல்லப்போகும் பெரிய படங்கள் எடுக்கப்பட்ட இடங்களில் நான் இருந்ததில்லை. அவற்றைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்த விவரங்களை வைத்துத்தான் பேசுகிறேன். கையால் செய்து கற்றது கட்சீனை மட்டும்தான், ஆனால் இந்தக் கேள்விக்கு அது மோசமான பயிற்சி இல்லை. ஒரே கதையில் எது கேமாக வேலை செய்கிறது, எது படமாக வேலை செய்கிறது என்பதைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வேலை அது.

ஒரு உதாரணம். நான் வேலை செய்த ஒரு கேமில் ஒரு மருத்துவர் பாத்திரம் உண்டு. தேடிக் கொண்டுவரும் மருந்துக் குப்பிகளை அவர் மேசையில் வைத்தால் மற்றவர்களுக்குக் கொடுப்பார். பாதியில் அவர் இறந்துபோவார். அந்தச் சாவுக்குத் தொண்ணூறு வினாடியில் ஒரு கட்சீன் செய்தோம். இசை, மழை, முகத்துக்கு அருகே கேமரா என்று எல்லாம் இருந்தது. மூன்று வாரம் அதில் உட்கார்ந்திருந்தேன், பெருமையாகவும் இருந்தது. வெளியாட்களைக் கூப்பிட்டு விளையாட வைத்துப் பார்த்தபோது பாதிக்கு மேற்பட்டவர்கள் ஸ்கிப் அழுத்திவிட்டார்கள். ஆனால் அதற்கு அடுத்த லெவலில் ஒன்று நடந்தது. மருத்துவர் இல்லாத அந்த மேசையில் குப்பியை வைக்கும் பொத்தான் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது. எங்களில் யாரோ அதை அணைக்க மறந்துவிட்டோம், அவ்வளவுதான். விளையாடிக் கொண்டிருந்த ஒரு பெண் அந்த வெறும் மேசையில் மூன்று குப்பிகளை வரிசையாக வைத்தார். அந்த மூன்றும் அடுத்த சண்டையில் அவருக்குக் கட்டாயம் தேவைப்படும், அது அவருக்கும் தெரியும். வைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருந்தார். கட்சீனை ஸ்கிப் செய்தவர்களில் அவரும் ஒருவர். பிழையைத் திருத்தாமல் அப்படியே விட்டுவிட்டோம்.

இதைப் படமாக எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெண் வெறும் மேசையில் மூன்று குப்பிகளை வைக்கிறாள். அழகான காட்சிதான், நல்ல நடிகை கிடைத்தால் மனதைத் தொடவும் செய்யும். ஆனால் பார்ப்பவருக்கு அதில் எந்த நஷ்டமும் கிடையாது. கேமில் குப்பியை இழந்தது அந்தப் பெண்ணே. நீங்கள் மூன்று முறை முடித்த கேமில் உங்களுக்குப் பிடித்தவற்றில் பெரும்பகுதி இந்த வகையைச் சேர்ந்ததாக இருக்கும். செலவு உங்களுடையது, தவறு உங்களுடையது, இருபது முறை செத்து இருபத்தொன்றாவது முறை தாண்டிய நிம்மதியும் உங்களுடையது. உள்ளதை உள்ளபடி எடுக்கும் படத்தில் இவை எதுவும் வராது. பெயரும் உடையும் கதைச்சுருக்கமும்தான் வரும்.

அந்தக் கதைச்சுருக்கம் தனியாக நிற்கக்கூடியதா என்று பார்த்தால், பல சமயம் இல்லை. அது சினிமாவிடம் கடன் வாங்கியது. ரெசிடென்ட் ஈவில் 1996-இல் வந்தபோது ஜார்ஜ் ரொமேரோவின் ஜாம்பி படங்களின் சாயல் அதில் அப்பட்டமாகத் தெரிந்தது. இரண்டாவது கேமின் ஜப்பானிய விளம்பரப் படத்தை எடுத்ததே அவர்தான். முதல் படத்துக்குத் திரைக்கதை எழுதவும் அவரை அழைத்தார்கள், எழுதியதை வேண்டாம் என்று வைத்துவிட்டார்கள். 2002-இல் வேறு ஒருவர் எடுத்த படம் வந்தது. படத்திலிருந்து கேம், கேமிலிருந்து மறுபடியும் படம் என்று நகலுக்கு நகல் எடுத்த கதை இது. அன்சார்ட்டட் கேமும் அப்படித்தான். பழைய புதையல் வேட்டைப் படங்களுக்குள் நாமே நுழைந்து ஓடினால் எப்படி இருக்கும் என்பதுதான் அதன் கவர்ச்சி. 2022-இல் அதைப் படமாக்கியபோது நல்ல வசூல் வந்தது, உலகம் முழுக்கச் சுமார் 40 கோடி டாலர். ஆனால் அது இன்னொரு புதையல் வேட்டைப் படமாக மட்டுமே எஞ்சியது.

இந்தச் சிக்கலை நேராக மோதிப் பார்த்தவர்களும் உண்டு. 2005-இல் வந்த டூம் படத்தில் சில நிமிடங்கள் முழுவதும் கேம் போலவே, துப்பாக்கி பிடித்த கைக்குப் பின்னாலிருந்து எடுத்திருப்பார்கள். எனக்கு அது பக்கத்து வீட்டுப் பையன் கண்ட்ரோலரைக் கொடுக்காமல் விளையாடுவதைப் பார்க்கிற மாதிரி இருந்தது. இங்கே நீங்கள் என்னை மடக்கலாம். கோடிக்கணக்கான பேர் அடுத்தவர் விளையாடுவதை ஸ்ட்ரீமில் மணிக்கணக்காகப் பார்க்கிறார்களே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, முழுப் பதில் என்னிடம் இல்லை. ஸ்ட்ரீமில் விளையாடுபவர் தோற்கலாம், அது அவருக்கே தெரியாது, பேசிக்கொண்டும் இருக்கிறார். படத்தில் எல்லாம் ஏற்கெனவே முடிந்துபோனது. வித்தியாசம் அங்கே இருக்கலாம் என்பது என் ஊகம். செத்துச் செத்துக் கற்றுக்கொள்ளும் அந்த உணர்வைத் திரையில் நான் பார்த்ததில் நன்றாகக் கொண்டுவந்தது 2014-இல் வந்த எட்ஜ் ஆஃப் டுமாரோ. வேடிக்கை என்னவென்றால் அது எந்த கேமையும் தழுவியது கிடையாது, ஒரு ஜப்பானிய நாவலிலிருந்து எடுத்தது.

சரி, இதுவரை சொன்னது கலை சம்பந்தப்பட்டது. இதைவிடச் சாதாரணமான, இதைவிட உறுதியாகச் சொல்லக்கூடிய காரணம் வியாபாரம். தொண்ணூறுகளில் கேம் நிறுவனம் பெயரை விற்றுவிட்டு ஒதுங்கிவிடும், வாங்கியவர் தன் இஷ்டப்படி எடுப்பார். 1993-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் படம் இதன் முழு உருவம். குழாய் வேலை செய்யும் ஆள், கடத்தப்பட்ட இளவரசி, ஒரு ஆமை வில்லன் என்பதற்கு மேல் அந்தக் கேமில் கதையே இல்லை. இல்லாத கதையை நிரப்ப ஒவ்வொருவரும் ஒரு பக்கம் இழுத்தார்கள். படப்பிடிப்பு நடக்கும்போதே திரைக்கதை மாறிக்கொண்டிருந்தது. கடைசியில் டைனோசரிலிருந்து பரிணமித்த மனிதர்கள் வாழும் ஓர் இருண்ட நகரத்தில் போய் நின்றது. மாரியோவாக நடித்த பாப் ஹாஸ்கின்ஸ் தன் வாழ்க்கையிலேயே செய்த மோசமான வேலை அதுதான் என்று பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார். 4 கோடி டாலருக்கு மேல் செலவழித்து அமெரிக்காவில் சுமார் 2 கோடி வசூலித்தது. மாரியோ கேமின் நிறுவனமான நிண்டெண்டோ, சூடு கண்ட பூனையாக, மாரியோவை மறுபடி திரையரங்குக்கு அனுப்ப முப்பது வருடம் எடுத்துக்கொண்டது. 2023-இல் வந்த அனிமேஷன் படத்தில் மாரியோவை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோவே தயாரிப்பாளர்களில் ஒருவர். வசூல் 130 கோடி டாலரைத் தாண்டியது.

வியாபாரம் என்றதும் ஊவே போல் என்ற ஜெர்மன் இயக்குநர் பெயரைச் சொல்லாமல் விட முடியாது. ஹவுஸ் ஆஃப் தி டெட், அலோன் இன் தி டார்க், பிளட்ரெய்ன் என்று 2003 தொடங்கி வரிசையாக கேம் படங்களாக எடுத்துத் தள்ளினார். எல்லாவற்றையும் விமர்சகர்கள் கிழித்துப் போட்டார்கள், ஆனாலும் அடுத்த படத்துக்குப் பணம் வந்துகொண்டே இருந்தது. அப்போதைய ஜெர்மன் வரிச்சட்டத்தில், படத்தில் போட்ட முதலீட்டை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள இடம் இருந்தது. போட்டவருக்குப் படம் ஓடுவது அவ்வளவு அவசியமில்லை. ‘கேம் படம் என்றாலே குப்பை’ என்று நம் தலையில் பதிந்ததில் இந்த ஒரே ஆளின் பங்கு கணிசமானது என்பது என் எண்ணம். அது முடிந்துபோன காலம், ஆனால் கையை மாற்றிக் கையை மாற்றிப் படத்தைக் கெடுக்கும் பழக்கம் முடியவில்லை. 2021-இல் எடுத்த பார்டர்லேண்ட்ஸ் படத்துக்கு வேறொரு இயக்குநரை வைத்து மறுபடப்பிடிப்பு நடத்தி 2024-இல் வெளியிட்டார்கள். 10 கோடி டாலருக்கு மேல் செலவு, வசூல் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான்.

அப்படியானால் கேமை உருவாக்கியவரிடமே கொடுத்துவிட்டால் போதும் என்று தோன்றும். அதையும் செய்து பார்த்தாகிவிட்டது. விங் கமாண்டர் கேமை உருவாக்கிய கிறிஸ் ராபர்ட்ஸ் 1999-இல் தானே அதைப் படமாக இயக்கினார், படம் படுத்துவிட்டது. ஃபைனல் ஃபேன்டசி கேம்களின் தந்தை ஹிரோநோபு சகாகுச்சி 2001-இல் எடுத்த அனிமேஷன் படம் சுமார் 13.7 கோடி டாலர் விழுங்கி 8.5 கோடி மட்டுமே திருப்பித் தந்தது. அதற்காகத் தொடங்கிய ஸ்டூடியோவையே மூட வேண்டியதாயிற்று. இவர்களைப் பார்த்து ‘கேமை விளையாடாதவர்கள்’ என்று யாரும் சொல்ல முடியாது. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. லெவல் அமைக்கத் தெரிந்தவருக்குக் காட்சி அமைக்கத் தெரிய வேண்டும் என்று கட்டாயமில்லை. நான் கட்சீனுக்கு வந்த புதிதில் இதே தவறை எதிர்ப்பக்கமாகச் செய்தேன். படம் வெட்டத் தெரியும் என்ற தைரியத்தில், விளையாடுபவரை ஆறு நிமிடம் சும்மா உட்கார வைத்தேன்.

மறு எல்லையில் ஹேலோ தொடர். 2022-இல் வந்தது, இரண்டு சீசனோடு நிறுத்தினார்கள். எழுதும்போது கேமைப் பார்க்கவில்லை என்று அதன் பொறுப்பாளரே சொல்லப்போக ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். நாயகன் மாஸ்டர் சீஃப் முதல் எபிசோடிலேயே தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டதும் பெரிய குற்றமாயிற்று. இதில் நான் ரசிகர்கள் பக்கம் இல்லை. அந்தக் கவசத்துக்குள் வேண்டுமென்றே யாரையும் வைக்கவில்லை, விளையாடுபவர் போய் உட்காரும் இடம் அது. படத்தில் அங்கே உட்கார ஆளில்லை, எனவே யாரையாவது உட்கார வைத்தே ஆக வேண்டும், அதற்கு முகம் வேண்டும். கழற்றியது சரிதான். உள்ளே இருப்பவர் யார் என்று முடிவு செய்யாமல் கழற்றியதுதான் கோளாறு.

தேறியவற்றைப் பார்த்தால் ஒன்று பொதுவாக இருக்கிறது. விளையாடுபவரால் போக முடியாத இடத்துக்கு அவை கேமராவைக் கொண்டுபோகின்றன. கேமில் நீங்கள் எப்போதும் ஒருவரின் தோளுக்குப் பின்னால் இருக்கிறீர்கள், அவர் இல்லாத அறையில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. 2013-இல் வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் கேமில் பில் என்று முரட்டு ஆள் ஒருவர் வருவார். அவருடைய துணைவர் ஃபிராங்கை நாம் பார்ப்பதே தூக்கில் தொங்கும் பிணமாகத்தான். பக்கத்தில் வெறுப்பைக் கொட்டி எழுதிய கடிதம் ஒன்று கிடக்கும். அந்த இரண்டு பேர் எப்படி வாழ்ந்தார்கள் என்பது கேமில் இல்லை, இருக்கவும் முடியாது, நாம் அப்போது வேறெங்கோ யாரையோ சுட்டுக்கொண்டிருந்தோம். 2023-இல் தொடராக வந்தபோது மூன்றாவது எபிசோடில் அந்த வாழ்க்கையையே காட்டினார்கள். கடிதத்தின் வெறுப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, பல வருட இல்லறமாக, கடைசி நாளில் சேர்ந்தே முடியும் காதலாக மாற்றிவிட்டார்கள். நாயகன் ஜோயலும் அவர் கூட்டிச்செல்லும் சிறுமி எல்லியும் அதில் பேருக்குத்தான் வருகிறார்கள். உள்ளதை உள்ளபடி எடுக்க வேண்டும் என்பது விதியானால், அந்தத் தொடரிலேயே பெரிய விதிமீறல் அதுதான். அதிகம் பேரை அழவைத்ததும் அதுவே.

அதே தொடரின் முடிவை எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே நஷ்டமும் தெரியும். கேமில் நீங்கள்தான் ஜோயல். எல்லியை மீட்க மருத்துவமனை அறைக்குள் நுழைகிறீர்கள், அறுவை மருத்துவர் கையில் கத்தியோடு வழிமறிக்கிறார். நீங்கள் அவரைக் கொல்லாத வரை கதை நகராது. நான் முதல் முறை பொத்தானைத் தொடாமல் சிறிது நேரம் நின்றுகொண்டிருந்தேன், வேறு வழி ஏதாவது திறக்குமா என்று. திறக்கவில்லை. தொடரில் அந்த வெறியாட்டத்தைச் சத்தத்தை அமுக்கி, சோக இசையோடு காட்டினார்கள். நல்ல தேர்வு. ஆனால் நான் அங்கே ஜோயலை எடைபோடும் சாட்சி மட்டும்தான். கேமில் உடந்தை. எழுதியவர்களில் ஒருவரான நீல் ட்ரக்மன் கேமையும் எழுதியவர். அவர் கூடவே இருந்தும் அந்த ஒன்றைத் திரைக்குக் கொண்டுவர வழியில்லை. அதற்கு ஈடாகத்தான் பில்லும் ஃபிராங்கும் கிடைத்தார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஆர்கேன் தொடர் இதைவிட எளிதாகப் புரியும். அதன் மூல கேமான லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் என்பது ஐந்துக்கு ஐந்து பேர் மோதிக்கொள்ளும் களம், அதற்குள் சொல்லத்தக்க கதை கிடையாது. வை, ஜின்க்ஸ் என்ற இரண்டு சண்டைக்காரிகள் சகோதரிகள் என்பதை அங்கங்கே கிடந்த குறிப்புகளிலிருந்து ரசிகர்கள் கோத்து வைத்திருந்தார்கள். அந்தச் சகோதரிகள் எப்படி எதிரிகளானார்கள் என்பதை 2021-இல் தொடராகச் சொன்னார்கள், மறு வருடம் சிறந்த அனிமேஷனுக்கான எம்மி விருது வந்தது. நகலெடுக்கக் கதை இல்லாதது அங்கே வசதியாகப் போயிற்று. 2024-இல் வந்த ஃபால்அவுட் தொடரும் எந்த கேமின் கதையையும் தொடவில்லை, அந்த உலகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு புது ஆட்களை உள்ளே அனுப்பியது.

இனி எனக்கு உறுதியில்லாத பகுதி. நிலைமை நிரந்தரமாக மாறிவிட்டதா? விளையாடி வளர்ந்தவர்கள் இப்போது எழுத்தாளர்களாகிவிட்டார்கள், அதனால்தான் முன்னேற்றம் என்று பலர் சொல்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் விங் கமாண்டரை நினைத்தால் முழுதாக நம்ப முடியவில்லை. தொடர் வடிவம் கொடுத்த எட்டு, பத்து மணி நேரம்தான் காரணம் என்பார் சிலர். அதில் கொஞ்சம் உண்மை உண்டு, ஆனால் ஹேலோவுக்கும் அதே நேரம் கிடைத்தது. அப்புறம் ‘மோசம்’ என்று யார் சொல்வது என்றும் பார்க்க வேண்டும். 2023-இல் வந்த ஃபைவ் நைட்ஸ் அட் ஃபிரெடிஸ் படத்தை விமர்சகர்கள் ஏறக்குறைய ஒரே குரலில் ஒதுக்கினார்கள். சுமார் 2 கோடி டாலர் படம் 29 கோடிக்கு மேல் எடுத்தது. தங்களுக்கு மட்டும் புரியும் குறிப்புகளைத் திரையில் கண்டு கத்திய பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம். நானும் நீங்களும் அந்தக் கொண்டாட்டத்துக்கு அழைக்கப்படவில்லை, அவ்வளவுதான். இன்னொன்றும் உண்டு. நாவலிலிருந்து வரும் படங்களிலும் பெரும்பாலானவை சுமார்தான். அவற்றை நாம் மறந்துவிடுகிறோம், மாரியோவையும் ஊவே போலையும் மறப்பதில்லை.

கடைசியாக ஒரு திருத்தம். நல்ல உதாரணமாக நீங்கள் சொன்ன விட்சர் தொடர் கேமிலிருந்து எடுத்ததல்ல. ஆந்த்ரேய் சப்கோவ்ஸ்கி என்ற போலந்து எழுத்தாளரின் கதைகளிலிருந்து எடுத்தது, கேம்களும் அந்தக் கதைகளிலிருந்தே பிறந்தவை. விட்சர் 3 கேமையும் விளையாடியிருந்தால், ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். அதைச் செய்தவர்கள் நாவல்களின் கதையைத் திருப்பிச் சொல்லவில்லை. நாவல்கள் முடிந்த இடத்துக்கு அப்புறம் என்ன நடந்தது என்று ஆரம்பித்தார்கள்.